மணியக்காவின் ஆறு நிமிடம்

மணியக்காவுக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. இருந்தாலும் அக்காதான். வாசலில் நிற்கும் காவலாளி முதல் மேனேஜர் வரை எங்கள் ஆபீசில் அத்தனை பேரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவளுடைய அடையாள அட்டையில் இருந்தது. அட்டை அவளுடைய கைப்பையின் அடியில், உடைந்த சீப்புக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவில் கிடந்தது.

பெயர்க்காரணம் எளிது. நாங்கள் கிடங்குகளுக்கான ஒரு செயலியை நடத்திவந்தோம். வெவ்வேறு முதலாளிகளின் நாற்பத்தாறு கிடங்குகள். எந்தப் பெட்டியில் எதைப் போட வேண்டும், யாருக்கு எந்த ஷிப்ட், எந்த லாரி எந்த வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களின் மேஜைத் திரையில் வரும். திரையின் வலது மூலையில் ஒரு சின்ன மணிப் படம். புதிய சேதி வந்தால் அது சிவந்து 'டிங்' என்று சத்தம் போடும். அந்த மணியை அடிக்க வைக்கிற வேலை முழுக்க மணியக்காவின் தலையில்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் எனக்கு விளக்கினாள். "பழைய மாதிரியா இருந்தா, திரை நிமிஷத்துக்கு ஒரு தடவை நம்மகிட்ட வந்து 'எனக்கு ஏதாவது இருக்கா, எனக்கு ஏதாவது இருக்கா'ன்னு நச்சரிக்கும் சார். இப்ப அப்படி இல்ல. போன் பேசி முடிச்ச பிறகும் ரெண்டு பேரும் கீழ வைக்காம காதுலயே வச்சிருக்கற மாதிரி. லைன் திறந்தே இருக்கும். நான் இங்க இருமினா அங்க கேக்கும்." அரை நொடிக்குள் சேதி போய்ச் சேர வேண்டும் என்பது அவள் பிடிவாதம். முக்கால் நொடி ஆகிவிட்டால் அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

நான் அந்த மணியோடு போகும் வாசகங்களை எழுதுகிறவன். 'உங்கள் பணி நேரம் மாறியுள்ளது.' 'ஏழாம் வாசலில் லாரி நிற்கிறது.' அதற்கு முன் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஆகவே பிறர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்காமல் என்னால் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. அக்கா எனக்கு 'வசனம் சார்' என்று பெயர் வைத்தாள். நான் வைத்த 'மணியக்கா'வுக்கு அது பதில் மரியாதை.

மேனேஜருக்கு 'உடனே சார்' என்று பெயர். டீயும் உடனே வேண்டும், செயலியில் புது வசதியும் உடனே வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக அரை நாள் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். மணியக்காவுக்கு மட்டும் கொடுக்க மாட்டார். ஏனென்றால் அந்த மணியை முதலிலிருந்து கட்டியவள் அவள். எந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டுமே தெரியும். திறமைசாலியாக இருப்பதில் இப்படி ஓர் ஆபத்து உண்டு. நான் அந்த ஆபத்தில் ஒருநாளும் சிக்கியதில்லை.

எங்காவது மணி நின்றால் அவள் போன் அலறும். குளிக்கப் போகும்போதுகூடப் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுவாள். சித்தி மகளின் கல்யாணத்தின்போது மண்டபத்துச் சமையல்கட்டில் வெங்காய மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தாள். "வெங்காயத்தாலதான் சார் கண்ணு கலங்கிச்சு" என்று மறுநாள் சொன்னாள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

மூன்று முறை ராஜினாமாக் கடிதம் எழுதினாள். மூன்றையும் நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் உடனே சார் கடிதத்தை வாங்கி இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, "தாராளமாப் போங்க. இன்னொருத்தரைத் தயார் பண்ணிட்டுப் போங்க" என்பார். தயார் பண்ணுவதற்கு அந்த இன்னொருத்தரை மட்டும் கடைசிவரை அனுப்பவில்லை. எல்லாவற்றையும் உடனே கேட்கிற மனிதருக்கு அந்த ஒன்றில் மட்டும் அவசரமே இல்லை.

அம்மா போன பிறகு இரண்டு அறை வீட்டில் அக்காவும் அவள் தங்கையும் மட்டும். தங்கைக்கு இருபத்து நான்கு வயது. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். எங்கள் செயலி ஓடும் கிடங்கு ஒன்றில் எட்டு மாதமாகப் பெட்டி கட்டும் வேலை. அந்த வேலைக்குச் சொல்லிவைத்தவரே உடனே சார்தான். நம் செயலி ஓடுகிற இடம், கண்ணுக்கு எட்டிய இடத்தில் இருப்பாள் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவன் நான்.

ஒரு நாள் காலை பதினொன்றரை இருக்கும். அக்கா மணியின் சத்தத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தாள். சரியாக ஒலிக்கிறதா என்று பார்க்கத் தன் திரைக்கு மட்டும் ஒரு சேதி அனுப்ப வேண்டும். வழக்கமாக 'டெஸ்ட்' என்று அடிப்பாள். நான் டீயோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நின்றவன் சும்மா நிற்கலாம் அல்லவா?

"நான் இங்க மாங்கு மாங்குன்னு தமிழ்ல எழுதறேன். நீங்க இன்னும் டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு அடிக்கறீங்களே" என்றேன்.

"சரி, கோவிச்சுக்காதீங்க. என்ன போடணும்?"

"சோதனை."

சிரித்துக்கொண்டே 'சோதனை' என்று அடித்தாள். அந்தச் சிரிப்பில் கை தவறியது. யாருக்கு அனுப்புவது என்று கேட்கும் பெட்டியில் 'எனக்கு மட்டும்' என்பதற்கு நேர் மேலே 'எல்லோருக்கும்' இருக்கும். அவள் விரல் ஒரு வரி மேலே பட்டுவிட்டது. அரை நொடி. நாற்பத்தாறு கிடங்குகளிலும் மணி அடித்து ஓய்ந்தது.

தமிழில் ஒன்றைப் பரீட்சித்துப் பார்ப்பதும் சோதனைதான். கடவுள் ஒரு மனிதனைப் போட்டு வாட்டுவதும் சோதனைதான். அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைவதும் சோதனைதான். பிழை திருத்தி வயிறு வளர்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். எனக்கு மூளை இருந்த இடத்தில் அன்று அகம்பாவம் உட்கார்ந்திருந்தது.

'தவறுதலாக அனுப்பப்பட்டது' என்று திருத்தம் அனுப்ப உடனே சாரின் அனுமதி வேண்டும். அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். காத்திருந்த நாற்பது நிமிடமும் எங்களுக்கு வசவு விழும் என்று எதிர்பார்த்தோம். ஒரு வசவும் இல்லை. மாறாக, எல்லாக் கிடங்குகளிலும் பெட்டி கட்டுவது அப்படியே நின்றுவிட்டது திரையில் தெரிந்தது. பிறகு ஒரே ஒரு சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், எத்தனை பேர் வர்றாங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"யாரு சார்?"

"சோதனைக்குத்தான். எங்கேர்ந்து ஆரம்பிக்கறாங்க? எங்களுக்கு இன்னும் ஒரு பத்து நிமிஷம் மட்டும் கிடைச்சா போதும்."

"பத்து நிமிஷத்துல என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று அக்கா கேட்டாள். போன் வைக்கப்பட்டது.

அதற்கு விடை மாலையில் கிடைத்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ். நிறுத்தத்தில் எங்களைப் பார்த்ததுமே தங்கை கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வசனம் சார், இன்னிக்கு எங்க குடோன்ல ஒரே கூத்து! டிங்குன்னு ஒரு சேதி. அவ்வளவுதான், சூப்பர்வைசருக்கு வேர்த்து ஊத்திடுச்சு. சாவி எங்க, சாவி எங்கன்னு ஓடறாரு. கடைசில பின்பக்கக் கதவுல சுத்தியிருந்த சங்கிலியைக் கழட்டி, கதவு துருப்பிடிச்சுக் கிடந்ததால நாலு பேர் சேர்ந்து தள்ளி... அப்பாடா, காத்து வந்துச்சு பாருங்க! அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் பாத்தோம். ஒரு சந்து. சந்துல ஒரு நாய் படுத்திருந்துச்சு. நூத்தி நாப்பது பேரும் நின்னு அந்த நாயை வேடிக்கை பாத்தோம்."

அக்கா சிரிக்கவில்லை. "சங்கிலியா?" என்றாள்.

"ஆமா. பொருள் வெளில போயிடுமாம். ஷிப்ட் முடியற வரைக்கும் முன்பக்கமும் பூட்டுதான்."

"கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி இருக்கற இடம்டி அது. தீப்பிடிச்சா?"

"பிடிச்சா நீ ஒரு டிங் அனுப்பு. தெரிஞ்சுக்கறோம்."

"ஏன் எங்கிட்ட இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட. இப்பவே பாதிதான் தூங்கற."

நாளையிலிருந்து போகாதே என்றாள் அக்கா. தங்கை அவள் தோளில் கையைப் போட்டாள். "நான் நின்னா சங்கிலி அவுந்துடுமா? என் இடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா. அவளுக்கும் ஒரு அக்கா இருப்பா இல்ல?" பஸ் வந்தது. அக்கா ஏற மறந்து நின்றாள். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். சோதனைக்கு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சங்கிலி மறுபடி ஏறிவிட்டது என்று தங்கை சொன்னது அவள் காதில் விழுந்ததோ என்னவோ, எனக்கு விழுந்தது.

மறுநாள் உடனே சார் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ சிரித்த முகத்தோடு நாற்காலியைக் காட்டினார்.

"தப்புன்னு சொல்ல முடியாது. நல்லதாப் போச்சு. ஆறு கஸ்டமர் பேசிட்டாங்க. இந்த மாதிரி ஒரு மணி நிஜமாவே வேணுமாம்."

அவர் கேட்டது இதுதான். ஆய்வுக்கு யார் வந்தாலும் வாசலில் காவலாளி அவர்கள் பெயரை எங்கள் செயலியில்தான் பதிவு செய்கிறார். பதிவான அந்தக் கணமே சூப்பர்வைசரின் திரையில் மட்டும் மணி அடிக்க வேண்டும். வாசலிலிருந்து கிடங்கின் பின்பக்கத்துக்கு நடந்துபோக நான்கு நிமிடம். சங்கிலியைக் கழற்ற அது போதும்.

பூனைக்கு மணி கட்டுவது என்றால் எலிகள் பாவம் என்று நினைப்போம். இங்கே கட்டச் சொன்னவை எலிகள் இல்லை, பெருச்சாளிகள்.

"அது தப்பு சார்" என்றாள் அக்கா. "கதவுல சங்கிலி போட்டு வச்சிருக்காங்க சார்."

"நாம மணி அடிக்கறோம். கேட்டுட்டு அவங்க என்ன பண்றாங்கன்னு நமக்கு எதுக்கு?" என்றவர், ஏதோ நலம் விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "உங்க தங்கச்சி அங்கதான இருக்காங்க? நல்லா வேலை பாக்கறாங்கன்னு சொன்னாங்க. உடனே முடிச்சுடுங்க."

வெளியே வந்து ஜன்னலோரம் நின்றோம். எங்கள் ஜன்னல்கள் திறக்காத வகை. கீழே நாற்காலி மேஜை விற்கும் கடைக்கு வண்டியில் சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டால் என்ன என்று கேட்டேன்.

"அவங்க வர்றதுக்குள்ள என் மணி அடிச்சுடும் சார். கதவு திறந்திருக்கும். எல்லாம் சரின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எழுதினது யாருன்னு தேடுவாங்க. முதல்ல யாரைப் பிடிப்பாங்க?" என்றாள். செய்யாவிட்டால் தங்கையின் வேலை. செய்தால் தங்கையின் உயிர். இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்த எறும்பின் முகத்தை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன்.

எட்டே நாளில் முடித்துவிட்டாள். மணியோடு போக வேண்டிய வாசகத்தை நான்தான் எழுதினேன்: 'விருந்தினர் வருகை.' எழுதிவிட்டு வெட்கத்தில் அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பவில்லை. உடனே சாரின் கண் முன்னால் நடத்திக் காட்டியபோது அரை நொடியில் அடித்தது. அவர் கை தட்டினார். அக்கா தங்கைக்காக மானத்தை விட்டுவிட்டாள் என்று முடிவுகட்டி, அவள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்த வாசகத்தை எழுதிய கை யாருடையது என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன். மொட்டைக் கடிதாசியும் அதே வாரம் போயிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் திருத்தாமல் அவள் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

அடுத்து வந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, "வசனம் சார், இங்க வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

அவள் திரையில் தங்கையின் கிடங்கு வாசலில் போட்ட பதிவு தெரிந்தது. தொழிற்சாலை ஆய்வாளர்கள், இரண்டு பேர். நேரம் பத்து நாற்பத்திரண்டு. அதற்கு நேரே மணி சிவந்திருக்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தது.

"அக்கா, மணி போகலையே?"

"போகும்."

"எப்ப?"

"பத்து நாப்பத்தெட்டுக்கு. அவங்க பின்கதவுக்கு நடக்கறதுக்கு நாலு நிமிஷம். சங்கிலியைப் பாக்க ரெண்டு நிமிஷம். தூரத்தைத் தங்கச்சிகிட்ட விளையாட்டா கேட்டு வச்சுக்கிட்டேன். மேனேஜருக்குக் காட்டினப்போ மட்டும் உடனே அடிக்கற மாதிரி வச்சிருந்தேன்."

முக்கால் நொடிக்கு முகம் வாடுகிறவள், ஒரு சேதியைக் கழுத்தைப் பிடித்து ஆறு நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறாள். மற்ற மணிகள் எல்லாம் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தன. ஏழாம் வாசலில் லாரி, இருபதாம் கிடங்கில் ஷிப்ட் மாற்றம். அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"வெளில இருந்தா அனுப்பிடும் சார். எட்டு வருஷப் பழக்கம்."

நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. உடனே சார் எங்கள் பின்னால் நடந்து டீ எந்திரத்துக்குப் போனார், திரும்பி வந்தார். அக்காவின் உதடு அசைந்தது. வேண்டிக்கொள்கிறாளோ என்று நினைத்தேன். நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டில் மணி போனது. நான்கு நொடியில் சூப்பர்வைசர் அதைத் திறந்து பார்த்ததும் பதிவானது. அந்த நேரத்தில் ஆய்வாளர்கள் இருவரும் சங்கிலியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று மாலையில் தங்கை சொன்னாள். சாவி வரும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லையாம். அங்கேயே அறுக்கச் சொன்னார்களாம். இனி எந்தக் கதவிலும் பூட்டு கூடாது என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார்களாம்.

"யாராவது கை தட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, எல்லாரும் தலையைக் குனிஞ்சு பெட்டி கட்டினோம் சார். ஆனா அந்த மாதிரி சந்தோஷமா நாங்க பெட்டி கட்டினதே இல்ல."

தான் செய்ததை அக்கா அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் தனக்குத்தானே சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் அவளிடம் நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை உடனே சார் பதிவைக் கேட்டார். எந்தச் சேதி எப்போது கிளம்பியது, எப்போது சேர்ந்தது என்று செயலி தானாகவே எழுதி வைக்கும் பதிவு. "மாத்திடுங்களேன், உங்களால முடியாததா?" என்று நான் காதோடு கெஞ்சினேன்.

"முடியும். ஆனா இதுல ஒரு எழுத்தை மாத்திட்டா, அப்புறம் இதுல எதை நம்பறது? அதிகாரி வந்த நேரமும் இதுலதான் சார் இருக்கு" என்றாள். அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார். ஆறு நிமிடம். ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழுதாகித் தாமதமானது இப்படிக் கச்சிதமாக இருக்காது என்று அவருக்கும் தெரியும்.

"உங்களை அனுப்பவும் முடியல. அனுப்பினா இந்த மணியை யாரு பாக்கறது?" என்றார் கடைசியில், உண்மையான வருத்தத்தோடு. "போய் வேலையைப் பாருங்க."

தப்பித்தோம் என்று நான்தான் துள்ளினேன். அவள் துள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காவலாளி மேலே வந்து, கீழே மணியக்காவைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். இருவரும் இறங்கிப் போனோம். நாற்காலிக் கடைக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சோபாவின் நுனியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் மூடாதவள் எங்களைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. அக்கா அவள் முன்னால் போய் நின்றாள்.

"கேட்லயே நிறுத்திட்டாங்க. உனக்கு இனிமே வேலை இல்லன்னாங்க" என்றாள் தங்கை. "காரணம் கேட்டேன். உங்க அக்காவைக் கேளுன்னாங்க. அதான் கேக்க வந்தேன்."

அக்கா சொன்னாள். மொட்டைக் கடிதாசி, ஆறு நிமிடம், பதிவு, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். "உன்னைக் கேக்காம உன் வேலையைப் பணயம் வச்சு ஆடிட்டேன்டி" என்று முடித்தபோது அழுதுவிட்டாள். இந்தத் தடவை வெங்காயம் எதுவும் இல்லை. எனக்கும் கண் கலங்கியது. 'சோதனை' என்ற சொல்லைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தவன் நான்தானே.

தங்கை கையை நீட்டி அக்காவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"வர்ற வழியில சந்துப் பக்கம் சுத்திப் போய்ப் பாத்தேன். கதவு திறந்துதான் இருக்கு. நூத்தி முப்பத்தொன்பது பேரும் உள்ள இருக்காங்க. என்னைப் பாத்துக் கை காட்டினாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நல்லாத்தான் பண்ணியிருக்க. நான் வேற எங்கயாவது பெட்டி கட்டறேன். இனி சேர்றதுக்கு முன்னாடி பின்பக்கக் கதவைப் பாத்துட்டுச் சேர்றேன்."

அக்காவின் கையில் போன் அலறியது. உடனே சார். எங்கோ ஒரு கிடங்கில் மணி நின்றிருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இனி வீட்டில் ஒரே ஒரு சம்பளம். நான்காவது ராஜினாமாக் கடிதத்துக்கு வழியே இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே அப்போது தெரிந்திருந்தது. எனக்கு அந்தப் போனைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை.

தங்கைதான் அக்காவின் கையைத் தூக்கிப் போனை அவள் காதருகே கொண்டுபோனாள்.

"எடு அக்கா. எங்க சங்கிலியைப் பாக்கவாவது ரெண்டு பேர் வந்தாங்க" என்றாள். "உன்னுதைப் பாக்க யாரும் வர மாட்டாங்க."

மணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.